நெல்மணிக்குப் போகும் சர்க்கரையைத் திருடுவது யார்?

(உழவர்களுக்கான வானொலி உரை)



நடவு நட்டு நாற்பது, ஐம்பது நாள் ஆகியிருக்கும். பயிர் தூர் கட்டி, கரும்பச்சையாய் நிற்கும். பார்க்கிறவர்கள், "இந்த வருஷம் உங்க வயல்தான் முதல்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் இரண்டு நாள் காற்றோடு மழை. மழை விட்டு ஒரு வாரத்தில் போய்ப் பார்த்தால், இலையின் நுனியில் மஞ்சள். நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாய்க் காய்ந்து, வைக்கோல் நிறமாய் இறங்குகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "பயிருக்குச் சத்து பத்தவில்லை" என்று யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம்.

ஒரு சம்பாப் பட்டத்தில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "ஐயா, பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு. அரை மூட்டை யூரியா போட்டேன், கேக்கலை. இன்னும் அரை மூட்டை போடட்டுமா?" என்று கேட்டார். வயலுக்குப் போய்ப் பார்த்தோம். அது பாக்டீரியா இலைக்கருகல் நோய். அவர் போட்ட அரை மூட்டை நோயைத்தான் வளர்த்திருந்தது. அவர் வயல் தண்ணீர் இறங்கும் கீழ் வயல் அவருடைய தம்பியுடையது. அதிலும் ஆரம்பித்திருந்தது.

இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் யூரியா மூட்டையைப் பிரிக்கிற கை தானாக நின்றுவிடும். அதற்கு நெற்பயிருக்குள் சர்க்கரை எப்படிப் பயணம் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இலைதான் அடுப்படி

நெல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கரும்பில்தானே சர்க்கரை? அப்படியில்லை. எல்லாப் பச்சை இலையும் சர்க்கரை காய்ச்சும் அடுப்படிதான். காற்றிலுள்ள கரியமில வாயு, வேரிலிருந்து ஏறி வரும் தண்ணீர், இவற்றோடு சூரிய வெளிச்சம் சேர்ந்து இலைக்குள் சர்க்கரை உண்டாகிறது. கரும்பு அதைத் தண்டில் சேர்த்து வைக்கிறது. நெல் அதை மணிக்கு அனுப்பி மாவாக மாற்றி வைக்கிறது. நாம் உண்ணும் சோறு, ஒரு காலத்தில் இலையில் இருந்த சர்க்கரைதான்.

கதிர் வந்த பிறகு மேலே உள்ள இரண்டு மூன்று இலைகள்தான் பெரும்பாலும் மணியை நிரப்புகின்றன. அதிலும் கண்ணாடி இலைக்குப் பங்கு அதிகம். கண்ணாடி இலை காய்ந்தால் மணி பால் பிடிக்காது. மூட்டை எண்ணிக்கை குறையும். அரவையில் குருணை கூடும்.

இலையில் உண்டான சர்க்கரை மணிக்கு எப்படிப் போகிறது? இலை நரம்புக்குள் இரண்டு வகைக் குழாய்கள் உண்டு. ஒன்று, வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டு வரும். அதற்குச் சைலம் என்று பெயர். இன்னொன்று, இலையிலிருந்து சர்க்கரையைக் கதிருக்கும் வேருக்கும் கொண்டு போகும். அதற்குப் புளோயம் என்று பெயர். புளோயத்துக்குள் சர்க்கரை நிறையச் சேர்ந்தால் தண்ணீரும் கூடவே உள்ளே வரும். அங்கே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் தள்ளுவதால், சர்க்கரை இறங்குகிற இடத்தை நோக்கிச் சாறு ஓடுகிறது. 1930-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் மூன்ஷ் என்ற அறிஞர் இதைச் சொல்லி வைத்தார். பல செடிகளில் இந்தச் சாறு மணிக்கு ஏறக்குறைய ஒரு முழம், இரண்டு முழம் வேகத்தில் நகர்கிறது.

மடையும் ஏற்றமும்

இங்கே ஒரு சிக்கல் உண்டு. செடியின் உடம்பு முழுவதும் செல் என்னும் சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வொரு அறையைச் சுற்றியும் எண்ணெய்ப் பசையுள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. சர்க்கரை தண்ணீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது. ஆகவே சவ்வைத் தாண்ட அதற்குத் தனி வழி வேண்டும்.

செடி அதற்கு இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒன்று ஏற்றம் மாதிரி. பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு இறைக்கிற மாதிரி, சர்க்கரை குறைவான இடத்திலிருந்து கூடுதலான இடத்துக்குச் சக்தி செலவழித்து ஏற்றும். 1992-ஆம் ஆண்டில் பசலை வகைக் கீரை ஒன்றில் இப்படிச் சர்க்கரை ஏற்றும் புரதத்தின் மரபணுவை முதன்முதலாகப் பிரித்து எடுத்தார்கள்.

இன்னொன்று மடை மாதிரி. மடையைத் திறந்தால் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே பாய்கிறதல்லவா? அதுபோல, சர்க்கரை கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானே போகும். இந்த மடைகளை 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உல்ஃப் ஃபிராமர் என்பவரின் குழு கண்டுபிடித்தது. அவற்றுக்கு ஸ்வீட் என்றே பெயர் வைத்தார்கள். இங்கிலீஷில் இனிப்பு என்று பொருள். நெல்லில் இந்த ஸ்வீட் வகை மடைகள் இருபத்தொன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மடைகளை எப்படிக் கட்டுவது, எங்கே கட்டுவது என்ற விவரம் செடியின் மரபணுக்களில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மரபணுவின் தலைமாட்டிலும் ஒரு பூட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செடி தன் சாவியைப் போட்டுத் திறந்தால்தான் அந்த மரபணு வேலை செய்யும், மடை உண்டாகும். நம் ஊரில் ஏரி மடைச் சாவி நீர்க்கட்டி கையில் இருக்கிறதல்லவா, அதுபோல. முறை வந்தால் திறப்பார். முறை முடிந்தால் பூட்டுவார்.

நெல்லில் பதினோராம் நம்பர் மடை ஒன்று இருக்கிறது. இது முக்கியமாகப் பூவிலும் மணியிலும் திறக்க வேண்டிய மடை. மகரந்தத்துக்குச் சர்க்கரை போகவும், மணி நிரம்பவும் இது வேண்டும். இலையில் இதற்கு அதிக வேலை இல்லை. அங்கே பெரும்பாலும் பூட்டியே கிடக்கும்.

கள்ளச்சாவி

இப்போது திருடனைப் பார்ப்போம். இலைக்கருகலை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு சாந்தோமோனாஸ் ஒரைசே என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். 1884-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஃபுகுவோகா பகுதி விவசாயிகள்தான் இந்த நோயை முதன்முதலில் கவனித்துச் சொன்னார்கள்.

விடியற்காலையில் நெல் இலையின் நுனியில் முத்துப் போல நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பனி அல்ல. இலையின் ஓரத்தில் உள்ள நீர்த்துளைகள் வழியே உள்ளிருந்து வரும் தண்ணீரும் அதில் உண்டு. மழையிலும் காற்றிலும் தெறித்து வரும் பாக்டீரியா அந்தத் துளி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. இலையோடு இலை உரசிக் கீறல் பட்டிருந்தால் அதன் வழியாகவும் நுழையும். நோய் ஏன் நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பிக்கிறது என்பது இப்போது புரிந்ததா?

உள்ளே போன பாக்டீரியா தண்ணீர்க் குழாயில் குடியேறும். அங்கே தண்ணீர்தான் நிறைய இருக்கிறது, சாப்பாடு குறைவு. சர்க்கரையெல்லாம் பக்கத்துச் செல்களுக்குள் சவ்வுக்கு அந்தப்புறம் இருக்கிறது. அதை வெளியே வரவழைக்க பாக்டீரியா ஒரு தந்திரம் செய்கிறது. ஊசி போன்ற ஓர் உறுப்பால் செல்லுக்குள் தன்னுடைய புரதத்தைச் செலுத்துகிறது. அந்தப் புரதம் நேராக மரபணு இருக்கும் இடத்துக்குப் போய், ஸ்வீட் மடையின் பூட்டில் உட்கார்ந்து திறந்துவிடுகிறது. அதுதான் கள்ளச்சாவி!

அவ்வளவுதான். பூவிலும் மணியிலும் திறக்க வேண்டிய மடையை இலையிலேயே செடி கட்டிவிடுகிறது. செல்லிலிருந்து சர்க்கரை வெளியே கசிகிறது. பாக்டீரியா தின்று பெருகுகிறது. குழாய் அடைபடுகிறது. இலை காய்கிறது. ராத்திரியில் யாரோ கள்ளச்சாவி போட்டு மடையைத் திறந்துவிட்டால் ஏரித் தண்ணீர் என்ன ஆகுமோ, அதே கதைதான். கதவை உடைத்த அடையாளமே இருக்காது. செடி தன் கையாலேயே திருடனுக்குப் பந்தி வைக்கிறது.

எல்லா ஊர்ப் பாக்டீரியாவிடமும் ஒரே சாவி இருப்பதில்லை. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு ஆகிய மூன்று நம்பர் மடைகளில் ஏதாவது ஒன்றையோ இரண்டையோ திறக்கிற சாவிகளை அவை வைத்திருக்கின்றன.

பூட்டை மாற்றிய நெல்

"அப்படியானால் அந்த மடையையே எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். விஞ்ஞானிகளும் அதைச் செய்து பார்த்தார்கள். பதினோராம் நம்பர் மடையை வேலை செய்யாமல் அடக்கியபோது பாக்டீரியா பட்டினி கிடந்தது. ஆனால் மகரந்தமும் கெட்டது. கதிர் பதராய்ப் போனது. திருட்டுக்குப் பயந்து மடையை அடைத்துவிட்டால் நம் கடைமடையும்தானே காயும்?

மடையை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் மாற்ற வேண்டும். இது இயற்கையிலேயே சில நெல் ரகங்களில் நடந்திருக்கிறது. பூட்டின் அமைப்பு கொஞ்சம் மாறியிருப்பதால் பதினோராம் நம்பருக்கான கள்ளச்சாவி அதில் சேர்வதில்லை. ஆனால் செடியின் சொந்தச் சாவி சேர்கிறது. மணி ஒழுங்காக நிரம்புகிறது. இந்த மாறிய மரபணுவுக்கு எக்ஸ்.ஏ. 13 என்று பெயர்.

ஒரு பூட்டை மாற்றினால் போதாது. அடுத்த மடைக்குச் சாவி வைத்திருக்கிற திருடன் வந்துவிடுவான். அதனால் வேறு இரண்டு மரபணுக்களையும் துணைக்குச் சேர்க்கிறார்கள். எக்ஸ்.ஏ. 5 என்பது, சாவியைத் திருப்ப உதவும் கை போன்ற செடியின் புரதம் ஒன்றில் ஏற்பட்ட சிறு மாறுதல். கள்ளச்சாவி பூட்டில் நுழைந்தாலும் திருப்புவதற்குச் சரியாகக் கை கொடுக்காது. எக்ஸ்.ஏ. 21 என்பது காவல்காரன். செல்லின் வெளிப்புறத்தில் நின்று பாக்டீரியாவை அடையாளம் கண்டு, செடியை உஷார்ப்படுத்தும். இது ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. 1995-ஆம் ஆண்டில் இந்த மரபணுவைத் தனியே பிரித்து அறிந்தார்கள்.

இந்த மூன்றையும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலையை ஹைதராபாத்தில் செய்தார்கள். நம் ஊரில் பி.பி.டி. என்றும் ஆந்திரா பொன்னி என்றும் சொல்கிற ரகம் பி.பி.டி. 5204. 1986-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் பாபட்லாவிலிருந்து வந்தது. சம்பா மசூரி என்பதும் அதுதான். சன்ன அரிசி, நல்ல விலை. ஆனால் இலைக்கருகலுக்கு எளிதில் ஆட்படும். அங்குள்ள நெல் ஆராய்ச்சி இயக்ககமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, எக்ஸ்.ஏ. 5, 13, 21 ஆகிய மூன்று மரபணுக்களையும் அந்த ரகத்தில் சேர்த்தன. அந்த ரகம் 2008-ஆம் ஆண்டில் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் வெளியானது. இது நெல்லோடு நெல்லைக் கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த ரகம். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல.

2019-ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மரபணுவைத் திருத்தும் புது முறையில், மூன்று மடைகளின் பூட்டுகளையும் ஒரே செடியில் மாற்றிக் காட்டினார்கள். ஐ.ஆர். 64 ரகத்திலும் இதைச் செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

உழவர் பெருமக்களே, எதிர்ப்புச் சக்தி உள்ள விதை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விதை வாங்கும் முன் உங்கள் பகுதிக்கு ஏற்ற ரகம் எது, இலைக்கருகலைத் தாங்குமா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நோய் கண்ட வயலிலிருந்து விதைநெல் எடுக்காதீர்கள். மீதிப் பாதி வேலை நம் கையில்தான் இருக்கிறது.

முதலில், சந்தேகம் வந்தால் சோதித்துப் பாருங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். நோய் கண்ட இலையில், காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேருகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். வெட்டிய முனை தெளிந்த தண்ணீரில் படும்படி டம்ளரில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில நிமிடத்தில் அந்த முனையிலிருந்து பால் போல, நூல் நூலாய்க் கசிந்து இறங்கினால் அது பாக்டீரியா. காலை வேளையில் இலையின் மேல் மஞ்சள் நிறத்தில் சிறு துளிகள் நின்று, வெயிலில் காய்ந்து மணி மணியாய் ஒட்டியிருந்தாலும் அதே அடையாளம்தான்.

தழைச்சத்துப் பற்றாக்குறை வேறு மாதிரி இருக்கும். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராய் வெளுக்கும். ஓரம் மட்டும் அலை அலையாய்க் காயாது. டம்ளரில் ஒன்றும் கசியாது.

அடுத்து, டம்ளரில் பால் போலக் கசிந்தால் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் பயிர் இளசாய், அடர்த்தியாய் வளரும். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதி கிடையாது. மேலுரத்தை ஆரம்பத்திலிருந்தே பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மண் பரிசோதனை செய்து, சிபாரிசு செய்த அளவுக்குப் பொட்டாஷ் சேருங்கள். இலையிலிருந்து மணிக்குச் சர்க்கரை ஏறிப் போவதற்கே சாம்பல் சத்து தேவை. யூரியாவுக்குக் கடன் வாங்குகிற நாம், பொட்டாஷ் என்றால் மட்டும் கையை இழுத்துக்கொள்கிறோம்!

மூன்றாவது, தண்ணீர். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். அண்ணன் வயலிலிருந்து தம்பி வயலுக்கு நோய் போனது அப்படித்தான். தேங்கிய தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். வடிப்பதையும் நல்ல வயல் பக்கம் விடாமல் வடிகாலில் விடுங்கள். கீழ் வயல்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, நடவு நேரத்தில் நாற்று முற்றிவிட்டால் நுனியைக் கிள்ளி நடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். கிள்ளிய ஒவ்வொரு நுனியும் பாக்டீரியாவுக்கு ஒரு திறந்த வாசல். நட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே குத்து முழுவதும் வாடிச் சாவது இதனாலும் வரலாம். இலை ஈரமாய் இருக்கும்போது நோய் கண்ட வயலுக்குள் நடந்துவிட்டு அதே காலோடு நல்ல வயலுக்குள் போகாதீர்கள். வரப்புப் புல்லையும், அறுவடைக்குப் பின் தானாய் முளைத்த நெல்லையும் அகற்றுங்கள். நோய் அதில்தான் அடுத்த பட்டம் வரை காத்திருக்கும்.

ஐந்தாவது, நோய் தொடங்கும்போதே பசுஞ்சாணக் கரைசலை 20 சத அளவில் தெளிக்கலாம். பத்து லிட்டர் கரைசலுக்கு இரண்டு கிலோ புதுச் சாணம் என்ற கணக்கு. நன்றாய்க் கரைத்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டி அடியுங்கள். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற மருந்தையெல்லாம் வாங்கி அடிக்காதீர்கள். இலை காய்ந்திருக்கிறது என்று சொன்னதும் பூசண மருந்தையோ பூச்சி மருந்தையோ கொடுப்பவர்கள் உண்டு. இது பாக்டீரியா என்பதை அவரிடம் சொல்லுங்கள். மருந்து தேவையா என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். காய்ந்த இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது. கண்ணாடி இலைக்கு நோய் ஏறாமல் காப்பதுதான் நம்மால் ஆகிற காரியம்.

நான் ஆரம்பத்தில் சொன்ன பெரியவருக்கு அந்த வருஷம் பாதி மகசூல்தான். கீழ் வயல் தம்பிக்குப் பரவாயில்லை. தண்ணீரை உடனே மறித்ததால் கண்ணாடி இலை தப்பியது. மறு வருஷம் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. "இது டீ குடிக்க இல்லை, இலை பார்க்க" என்று சொல்லிச் சிரித்தார். தெருவில் இருந்த மற்றவர்களும் இலைத் துண்டோடு அங்கே வந்து போனார்கள்.

நீங்களும் நாளைக் காலையில் வயலுக்குப் போகும்போது இலை நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நுனி மஞ்சளாய் இருந்தால் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் டம்ளரை எடுங்கள்.